காவிரி கொள்ளிடத்துக்குப் போகப் பார்த்த கதை

முக்கொம்பு என்றால் திருச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பூங்கா, ஊஞ்சல், பள்ளிக்கூடச் சுற்றுலா, வாழையிலையில் கட்டிய புளிசாதம். ஆடிப்பெருக்கு அன்று கூட்டம் சொல்லி மாளாது. ஆனால் அங்கே போய் வருகிறவர்களில் எத்தனை பேர், ஆற்றுக்குக் குறுக்கே நீளமாகக் கிடக்கும் அந்தக் கட்டுமானம் எதற்காக என்று நின்று யோசித்திருப்பார்கள்? தஞ்சாவூர் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அந்தக் களஞ்சியத்தின் சாவி தஞ்சாவூரில் இல்லை, திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் இடத்தைப் புரிந்து கொள்வோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி என்ற பெயரிலேயே தொடர்கிறது. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே போனதும் தீவு ஒடுங்கி, இரண்டு ஆறுகளும் மறுபடி ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. அந்த இடத்தில் தான் கல்லணை. தொட்டுவிட்டால் என்ன, ஒரே ஆறு தானே என்று தோன்றும். தொட்டால் தஞ்சாவூர் போச்சு! ஏனென்றால் அந்த இடத்தில் காவிரியின் படுகை மேலே இருக்கிறது, கொள்ளிடத்தின் படுகை பல அடி கீழே இருக்கிறது. தடுப்பு இல்லாவிட்டால் காவிரியில் வரும் தண்ணீர் அப்படியே கொள்ளிடத்தில் சரிந்து, வயல் எதையும் எட்டிப் பார்க்காமல் நேராகக் கடலுக்குப் போய்விடும்.

கொள்ளிடம் என்றால் வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். நல்ல விளக்கம் தான். ஆனால் ஆற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் கொள்ளிடம் வெறும் வடிகால் இல்லை. அது காவிரி போக விரும்பும் பாதை. கடலுக்குப் போக இரண்டு வழி இருந்தால், எது குட்டையோ, எது சரிவு அதிகமோ அதைத் தான் தண்ணீர் தேர்ந்தெடுக்கும். கொள்ளிடம் அகலமாக, ஏறக்குறைய நேராக, நல்ல சரிவோடு ஓடுகிறது. காவிரியோ குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, வீரசோழன் என்று பங்கு பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது வாய்க்கால் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த ஆறும் தானாக விரும்பி இப்படி ஓடாது. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் பிடித்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. தண்ணீர் ஒருமுறை கொள்ளிடம் பக்கம் அதிகமாகச் சாய ஆரம்பித்தால் அது அதோடு நிற்காது. ஆறு சுமந்து வருவது தண்ணீர் மட்டும் இல்லை, மணலும் வண்டலும் கூட. வேகம் இருக்கும் வரை மணலைச் சுமக்கும், வேகம் குறைந்தால் அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். காவிரிக்குத் தண்ணீர் குறைந்தால் காவிரியில் வேகம் குறையும். மணல் தங்கும். படுகை உயரும். படுகை உயர்ந்தால் அடுத்த வருஷம் இன்னும் குறைவான தண்ணீர் நுழையும். அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் வேகம் கூடக் கூட அது தன் படுகையைத் தோண்டிக் கொள்ளும், கரைகளை அரித்து அகலமாக்கிக் கொள்ளும். வட்டிக்கு வட்டி போடுகிற கடன் மாதிரி. ஆறுகள் பாதை மாறுவது பெரும்பாலும் இப்படித் தான். நமக்குத் தெரிவது கடைசி வெள்ளம் மட்டும். அதற்கு முன்னால் நூறு வருஷம் மணல் வேலை பார்த்திருக்கும்.

கரை அரிப்பும் இதே கணக்கில் சேர்ந்தது தான். ஆறு வளையும் இடத்தில் வெளி வளைவில் வேகம் அதிகம். அங்கே தண்ணீர் கரையின் காலை அரிக்கும், மேல்மண் தொங்கிக் கொண்டு நிற்கும். உள் வளைவில் வேகம் குறைவு, அங்கே மணல்திட்டு வளரும். ஒருவன் நிலம் ஆற்றில் போக, எதிர்க்கரைக்காரனுக்குப் படுகை கூடும் (எத்தனை வழக்குகளுக்கு இது காரணமோ!). இன்னொரு விஷயம். கரைகள் வெள்ளத்தின் உச்சத்தில் விழும் என்று தான் நினைப்போம். பல சமயம் வெள்ளம் வடியும்போது தான் விழுகின்றன. தண்ணீர் குடித்துக் கனத்துப் போன மண்ணை அதுவரை எதிரே நின்ற வெள்ளமே தாங்கிப் பிடித்திருக்கும். வெள்ளம் இறங்கியதும் பிடிமானம் போய் மண் சரிந்துவிடும். மழை விட்டது என்று கரைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பது இதனால் தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். கல்லணை என்றால் கரிகாலன். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை அவன் குளம் வெட்டியதைச் சொல்கிறது, ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டினான் என்று சொல்லவில்லை. அவன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்ற செய்தி பல நூற்றாண்டுகள் கழித்து வந்த செப்பேடுகளில் தான் கிடைக்கிறது. ரேனாட்டுச் சோழர்களின் மாலேபாடு செப்பேடு ஒன்று, ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னொன்று. கரை எடுத்தான் என்பதும் அணை கட்டினான் என்பதும் ஒன்றா? மரபு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆனாலும் கரிகாலன் கட்டினானா, பின்னால் வந்தவர்கள் கட்டினார்களா என்ற கேள்வியை விட, கட்டியவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பது தான் பெரிய ஆச்சரியம். தோண்டத் தோண்ட மணல் தான் வரும் இடம் அது. பாறையே இல்லாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது? பெரிய கற்களைக் கொண்டு வந்து போட்டார்கள். தண்ணீர் அடியில் அரிக்க அரிக்க கல் தானாகக் கீழே இறங்கும். மேலே மறுபடி கல். இனி இறங்காது என்ற நிலை வந்த பிறகு களிமண்ணும் கல்லுமாக மேலே கட்டினார்கள். அதாவது, ஆற்றின் அரிப்பையே வேலைக்காரனாக வைத்துக் கொண்டார்கள். பிற்காலத்தில் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தாங்கள் கற்றுக் கொண்டது இங்கிருந்து தான் என்று வெளிப்படையாகவே ஒப்புக் கொண்டார்.

இந்த அணை அரசியலில் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது 18-ம் நூற்றாண்டில் தெரிந்தது. தஞ்சையில் மராட்டிய ராஜா. திருச்சி ஆற்காட்டு நவாபின் கையில். கல்லணை இரண்டுக்கும் எல்லையில்! கர்நாடகப் போர் நடந்து கொண்டிருந்த 1754-ல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கல்லணைக்குப் பக்கத்தில் உள்ள கோயிலடியைப் பிடித்தன. ஊரைக் கொளுத்தியதோடு விடவில்லை, காவிரியைக் கொள்ளிடத்தில் விழாமல் தடுத்துக் கொண்டிருந்த கரையையே வெட்டிவிட்டார்கள். தஞ்சை ராஜா பிரதாப சிம்மரை மடக்க வேறு என்ன வேண்டும்? ஒரு நாட்டைப் பட்டினி போட மண்வெட்டி போதும் என்றால், அந்த நாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக் கொண்டிருந்தது பாருங்கள். அந்தப் போரின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

போர் முடிந்தும் தகராறு முடியவில்லை. 1760-களில் கரையைப் பழுது பார்க்கும் உரிமை யாருக்கு என்று நவாப் முகமது அலிக்கும் தஞ்சை ராஜா துளஜாவுக்கும் சண்டை. கேட்டால் சிரிப்பு வரும், பழுது பார்க்க யார் செலவு செய்வது என்று சண்டை இல்லை. நான் தான் செய்வேன் என்று சண்டை. பழுது பார்க்கிற கை தான் பழுதாகவும் விடலாம் என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் சென்னையில் இருந்த கம்பெனி அதிகாரிகள் பஞ்சாயத்து செய்து ராஜா பழுது பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். பிறகு 1781-ல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையில் புகுந்தது. வாய்க்கால்களும் கரைகளும் பாழாயின, ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். வருஷா வருஷம் குடிமராமத்தில் மண் எடுத்துப் போட ஆள் இல்லாத ஆற்றில் என்ன நடக்கும்? மணல் தன் வேலையைப் பார்த்தது.

1799-ல் தஞ்சையின் நிர்வாகம் கம்பெனி கைக்கு வந்தது. 1801-ல் கர்நாடகமும் வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். ஆனால் ஆற்றைப் பொறுத்தவரை ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. ஆறு பிரியும் இடமும், பாசன வயலும் நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரே அதிகாரத்தின் கீழ் வந்தன. கம்பெனிக்குக் காவிரி மேல் பக்தி ஒன்றும் இல்லை. நிலவரி குறைந்தால் லாபம் குறையும், அவ்வளவு தான். 1804-ல் கேப்டன் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் கல்லணையை ஆராய வந்தார். (ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் வேறு, இவர் வேறு.) அவர் சொன்னது எளிய யோசனை: அணையின் உயரத்தைக் கூட்டு. 27 அங்குலம் உயர்த்தினார்கள்.

கொஞ்ச காலத்துக்குப் பலன் கிடைத்தது. ஆனால் அணை உயர்ந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் மணல் தங்கும். நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயை வளர்த்தது. காவிரிப் படுகை உயர்ந்து கொண்டே போக, முக்கொம்பில் பிரியும்போதே தண்ணீர் கொள்ளிடம் பக்கம் அதிகம் போக ஆரம்பித்தது. கல்லணை என்பது தீவின் வால் பக்கம். வாலைக் கட்டிப் போட்டுவிட்டுத் தலையைத் திறந்து விட்டால்?

தலையைக் கவனித்தவர் காட்டன். 1821-ல் பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்தவர். முதலில் 1830 வாக்கில் கல்லணையில் மணல் போக்கிகள் வைத்தார்கள், அதாவது தேங்கிய மணலை அடித்துக் கொண்டு போக அடிமட்டத்தில் மதகுகள். அது போதவில்லை. 1836-ல் தொடங்கி முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே மேலணை கட்டினார். அதே சமயத்தில் கிழக்கே அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேலேயே கீழணை. சிதம்பரம் பகுதிக்கும் வீராணம் ஏரிக்கும் தண்ணீர் போவது இந்தக் கீழணையிலிருந்து தான். கொள்ளிடம் கொண்டு போனதில் கொஞ்சத்தை வழியிலேயே மீட்டுக் கொண்டார்கள்.

மேலணை வெற்றியா? பாடப்புத்தகத்தில் வெற்றி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் அது அளவுக்கு மீறி வெற்றி பெற்றுவிட்டது! கொள்ளிடத்தின் வாயை அடைத்ததும் எல்லாம் தலைகீழானது. இப்போது காவிரிக்குத் தண்ணீர் அதிகம். வேகம் அதிகம். இத்தனை வருஷம் உயர்ந்து வந்த காவிரிப் படுகை அரிபட்டு ஆழமாக ஆரம்பித்தது, வாய்ப்பகுதி அகலமாக ஆரம்பித்தது. கொள்ளிடத்தில் மணல் ஏறியது. வறட்சியைப் பற்றிக் கவலைப்பட்ட தஞ்சாவூர் இப்போது வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதாயிற்று. டெல்டாவில் ஆறுகள் வயலை விட உயரத்தில் ஓடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். அங்கே கரை உடைந்தால் தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பி வராது.

எனவே கட்டியதைத் திருத்தினார்கள். 1843-ல் மேலணையின் நடுப்பகுதியை உயரம் குறைத்தார்கள், கொள்ளிடத்துக்கு இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று. 1845-ல் காவிரியின் வாயிலேயே குறுக்கே ஒரு தடுப்பு போட்டு, படுகை இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் காவிரிக்குத் தண்ணீர் வரவில்லையே என்று கட்டியவர்கள், இப்போது காவிரிக்குள் தண்ணீர் அதிகம் நுழையாமல் தடுக்கக் கட்டினார்கள். காட்டனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கோதாவரிக் கரையில் அவரை இன்றும் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள், அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் ஒரு அணையைக் கட்டிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் 1836-க்கும் 1845-க்கும் நடுவில் நடந்ததைப் படிக்க வேண்டும்.

அதன் பிறகும் ஓயவில்லை. கல்லணைக்குக் கீழே காவிரியும் வெண்ணாறும் பிரிகிற இடத்தில் அதே கதை சின்ன அளவில் நடந்தது. பங்கைச் சரியாகப் பிரிக்க 1880-களில் இரண்டுக்கும் கதவணை போட்டார்கள். கரைகளில் நாணலும் மூங்கிலும் நட்டார்கள். குடிமராமத்து என்பது ஊர்க்கட்டுப்பாடாக இருந்தது போய், 1858-ல் சட்டமாகவே வந்துவிட்டது. வேலைக்கு வராவிட்டால் அபராதம்.

இந்த மாதிரிச் சிக்கல் காவிரிக்கு மட்டும் தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்கு அச்சு அசலாக இதே பிரச்சனை. லூசியானாவில் அதிலிருந்து பிரியும் அட்சாஃபாலயா, கடலுக்குப் பாதித் தூரத்தில் போய்விடுகிறது. 1831-ல் ஷ்ரீவ் என்ற கப்பல் கேப்டன் ஒரு வளைவைக் குறுக்கே வெட்டியதும், பிறகு அட்சாஃபாலயாவை அடைத்துக் கிடந்த மரங்களை அப்புறப்படுத்தியதும் ஆற்றுக்கு வழி திறந்து விட்டது போல ஆயிற்று. விட்டிருந்தால் நியூ ஆர்லியன்ஸ் நகரம் செத்த ஆற்றின் கரையில் நின்றிருக்கும். 1963-ல் கதவணை கட்டி 70க்கு 30 என்று பங்கு பிரித்தார்கள். பத்தே வருஷத்தில், 1973 வெள்ளத்தில், அந்தக் கதவணையின் அடியில் அரிப்பு ஏற்பட்டுப் பக்கச் சுவர் ஒன்று விழுந்தது. துணைக்கு இன்னொன்று 1986-ல் கட்டி முடித்தார்கள். கல்லணைக்காரர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால் மோதிய அதே எதிரி!

மறுபடி காவிரிக்கு. 1924 ஜூலையில் வந்தது பெருவெள்ளம். அதுவரை கண்டிராத அளவு. அடுத்த வருஷம் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும் அணை. வெள்ளத்தை அடக்கியது, சாகுபடிக்குத் தேதி குறித்துத் தண்ணீர் கொடுத்தது, எல்லாம் சரி. ஆனால் மேட்டூர் தண்ணீரோடு மணலையும் பிடித்து வைத்துக் கொள்கிறது. அணையை விட்டு வெளியே வருவது சுமை இல்லாத தண்ணீர். சுமை இல்லாத தண்ணீருக்குப் பசி அதிகம். போகிற வழியில் படுகையையும் கரையையும் அரித்துத் தன் சுமையைத் தேடிக் கொள்ளும். பல நூற்றாண்டுகளாக மணல் மேடிட்டது தான் இந்த ஆற்றின் வியாதி. இருபதாம் நூற்றாண்டில் வியாதி மாறிவிட்டது. இப்போது மணல் போதவில்லை. அதற்கு மேல் லாரிகள் வந்தன. கொள்ளிடத்தில் குவாரி போட்டு அள்ளியது எவ்வளவு, கணக்கில் வந்தது எவ்வளவு என்பதெல்லாம் நீதிமன்றம் வரை போன சங்கதி.

2018 ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்து விட்டார்கள். பெரும்பகுதி கொள்ளிடத்தில் போயிற்று. திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் அரிபட்டுச் சரிந்தன. நல்ல வேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் அதில் போக்குவரத்து இல்லை. சில நாள் கழித்து, வெள்ளம் இறங்கிக் கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் இருந்த 45 மதகுகளில் ஒன்பது, கதவும் தூணுமாக அடித்துச் செல்லப்பட்டன. வயதாகிவிட்டது, 180 வருஷத்துக் கட்டுமானம் என்றது அரசாங்கம். மணல் அள்ளியதால் என்றார்கள் விவசாயிகள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் என்ன? மணலில் நிற்கும் கட்டுமானத்துக்கு அடியில் இருக்கும் மணல் தான் வயசு. அது குறைந்தால் எந்தக் கட்டுமானமும் கிழம் தான்.

உடைந்த வழியாகத் தண்ணீர் கொள்ளிடத்துக்குப் போய்க் கொண்டே இருந்தது. டெல்டாவில் சாகுபடி நேரம். 387 கோடி ரூபாய்க்குப் புதிய கதவணை அறிவித்தார்கள், பிறகு கட்டியும் முடித்தார்கள். ஆனால் அந்த வாரத்தில் அவசரத்துக்கு என்ன செய்ய முடியும்? லட்சக்கணக்கில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். லாரி லாரியாகப் பாறாங்கற்களைக் கொண்டு வந்து ஓடுகிற தண்ணீரில் போட்டார்கள்.